ஃபீனிக்ஸுக்குப் பிரேக் எங்கே?

இது ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை; இப்போதே இன்னொன்றுக்கும் சொல்லி வைத்துவிடுங்கள்.

'ஸ்டார் டிரெக்: ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' 1996-ல் வந்த படம். கதை நடப்பது 2063 ஏப்ரலில், அமெரிக்காவின் மொன்டானாவில். செஃப்ரம் காக்ரன் என்ற குடிகார விஞ்ஞானி, போருக்குச் செய்து வைத்த ஏவுகணையை எடுத்து அதன் உச்சியில் தன் சோதனைக் கலத்தைப் பொருத்துகிறார். கலத்தின் பெயர் ஃபீனிக்ஸ். படத்தில் நாம் பார்க்கும் ஏவுகணை அட்டையில் செய்ததல்ல. அரிசோனாவில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கிடங்கில் நிற்கிற அசல் டைட்டன் ஏவுகணை. வானுக்குப் போனதும் கலத்தின் இருபுறமும் மூடிகள் கழன்று விழ, நீளமான இரண்டு எஞ்சின்கள் வெளியே வருகின்றன. கொஞ்ச நேரத்தில் ஒளி வேகம்!

"ஒளியை முந்த முடியாது என்றாரே ஐன்ஸ்டைன்?" என்பீர்கள். சரிதான். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் புரோட்டானை எவ்வளவு தள்ளினாலும் ஒளி வேகத்தில் 99.99 சதவீதத்துக்கு மேலே ஏறிக்கொண்டே போகுமே தவிர, நூறைத் தொடாது. ஆனால் இந்தத் தடை வெளிக்குள் ஓடுகிற பொருளுக்குத்தான். வெளி என்பதே விரிவதற்கு அப்படி வரம்பு கிடையாது. மிகத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக நம்மை விட்டு விலகிக்கொண்டுதான் இருக்கின்றன.

1994-ல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகெல் அல்குபியெரே இந்தச் சந்தில்தான் நுழைந்தார். அப்போது அவர் பிரிட்டனில், கார்டிஃபில் இருந்தார். 'ஸ்டார் டிரெக்' தொடரில் புழங்கிய 'வார்ப்' என்ற தொலைக்காட்சிச் சொல்லைத் தயங்காமல் தன் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். அவர் சொன்னது இதுதான்: புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல முன்னால் இருக்கும் வெளியை மடித்துக்கொண்டே வா, பின்னால் மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டே போ. நடுவில் உட்கார்ந்திருக்கும் எறும்பு கால் எடுத்து வைக்கவே வேண்டாம், முந்தானை தானாக அதனிடம் வந்துவிடும். கலம் ஒரு குமிழிக்குள் சும்மா கிடக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அழுத்தமோ குலுக்கலோ தெரியாது.

அழகான கணக்கு. விலைதான் இடிக்கிறது. குமிழிச் சுவருக்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதைவிடவும் குறைவான ஆற்றல், வேண்டும். அப்படி ஒன்று அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-ல் இயற்பியலாளர் கசிமிர் சொன்னார், 1997-ல் அதைத் துல்லியமாக அளந்தும் விட்டார்கள். ஆனால் கிடைப்பது துளியிலும் துளி. அதே 1997-ல் ஃபென்னிங், ஃபோர்டு என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஒரு கப்பலுக்கான குமிழிக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தால், நம் கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சம் முழுவதையும் கொட்டினாலும் போதவில்லை. நாசாவில் இருந்த ஹெரால்டு வைட், குமிழியின் வடிவத்தை மாற்றினால் வாயேஜர் 1 விண்கலத்தின் எடை அளவுக்கு, அதாவது 700 கிலோ சொச்சத்துக்கு, இறக்கிவிடலாம் என்றார். அதுவும் எதிர்மறையில் 700 கிலோ! எந்தக் கடையில் வாங்குவது?

என்னைக் கேட்டால், ஆற்றலைவிடப் பெரிய வில்லங்கம் பிரேக்தான். குமிழி ஒளியை முந்தி ஓடும்போது, கலத்துக்குள்ளிருந்து அனுப்பும் எந்தச் சமிக்ஞையும் குமிழியின் முன்சுவரைப் போய்ச் சேராது. சமிக்ஞையின் உச்சவரம்பும் ஒளி வேகம்தானே. ஆக, ஓட்டுநர் உள்ளே இருக்கிறார், வண்டி அவர் பேச்சைக் கேட்காது. போதாக்குறைக்கு, வழியில் குமிழியின் முகப்பில் சேர்ந்துவிட்ட துகள்கள் நிற்கும்போது கடும் ஆற்றலோடு முன்னால் பாயும் என்று 2012-ல் சிட்னி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். போய் இறங்குகிற ஊர் மிஞ்சுவதே சந்தேகம். படத்தில் காக்ரன் சாவகாசமாக வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிடுகிறார். எஞ்சினைவிட அந்த இடம்தான் பெரிய கற்பனை.

2021-ல் பாப்ரிக், மார்டிரே என்ற இருவர் எதிர்மறை ஆற்றல் இல்லாமலே ஒரு வார்ப் குமிழிக்குக் கணக்கு காட்டினார்கள். அது ஒளி வேகத்துக்குக் கீழேதான் போகும். அதைத் தள்ளிவிடத் தனியாக ஒரு எஞ்சினும் வேண்டும்.