தூக்கத்துக்கு மணி அடிப்பது யார்?

காரைக்கால் கண்மணிகளே! ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பகலெல்லாம் மாம்பழம் பிடித்துவிட்டு, ராத்திரி கடைவீதி சுற்றிவிட்டு, நேரங்கழித்துப் படுக்கிறீர்கள். மறுநாள் எழும்போது மணி ஒன்பது. அன்று ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறதா? வராது. ஏன் என்று கேட்கிறாயா? சபாஷ், அப்படித்தான் கேட்க வேண்டும்!

விடை ராத்திரியில் இல்லை, செல்லமே. காலையில் இருக்கிறது.

நம் மூளைக்குள், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. அதுதான் உடம்பின் கடிகாரம். பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அப்படியே விட்டால் தினமும் கொஞ்சம் பின்தங்கும்.

அதை யார் சரிசெய்வது? சூரியன்தான். முதல் மணி அடித்ததும் பள்ளிக்கூடம் முழுக்கப் பாடம் தொடங்குகிறதே, அப்படிக் காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடம்பின் நாள் தொடங்குகிறது. மணி தாமதமானால்? ஆமாம், தூக்கமும் தாமதம்! இருட்டிய பிறகு மூளையில் சுரந்து தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனினும் அன்று பிந்தித்தான் வரும்.

இந்தக் கடிகாரத்தை நம் பக்கத்திலேயே ஆராய்ந்தவர் எம்.கே.சந்திரசேகரன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் குகை வௌவால்களைக் கவனித்தார். வெளி வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களின் நாள் 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. எவ்வளவு அழகான சோதனை, பார்த்தாயா?

விடியுமுன் எழு என்கிறது ஆயுர்வேதம். உணவைப்போல உறக்கத்தையும் உடம்பைத் தாங்கும் தூணாகச் சொல்கிறது சரக சம்ஹிதை. நம் காரைக்கால் கடற்கரையோ கிழக்கு பார்த்தது. காலையில் அங்கே நடந்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்காதே, சுற்றியுள்ள வெளிச்சமே போதும்.

எண்ணெய் தேய்ப்பதால் நல்ல தூக்கம் வரும், பாதத்தில் மறக்காமல் தேய்க்க வேண்டும் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல். பாட்டி உன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டால் மாட்டேன் என்று சொல்லாதே! பாதம் வெதுவெதுப்பானால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரியும். உடம்பின் சூடு அந்த வழியாக வெளியேறும். உள்ளுடம்பு சற்றுக் குளிர்ந்தால்தான் கண் சொக்கும். புரிந்ததா?

படுக்கையில் செல்போன் மட்டும் வேண்டாம். அதன் நீல வெளிச்சத்தைக் கண்டால் மூளை இன்னும் பகல் என்றே நினைத்துக்கொள்ளும்.

பகல் தூக்கமா? கோடையில் ராத்திரி குறுகியது, அதனால் அப்போது தூங்கலாம் என்று சரகரே அனுமதி தந்திருக்கிறார். சித்திரை வெயிலில் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் கண்ணயர்ந்துகொள். நான்கு மணிக்கு மேல் படுத்தால் அம்மாவிடம் சொல்லி எழுப்பிவிடுவேன்!