கண்மாய்க் கரையும் ஈரல் புழுவின் மரபணுவும்

தை பிறந்து கண்மாய் வற்றத் தொடங்கினால், காரைக்குடி, கல்லல் பக்கத்து மாடுகள் கரையோரப் பச்சையைத் தேடித்தான் போகும். வேறு எங்கே புல் இருக்கிறது? அந்த ஈரப் புல்லில்தான் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக் கிடக்கும். மாட்டின் குடலைத் துளைத்து, ஈரலை அரித்துக்கொண்டே போய், பித்தக் குழாயில் குடியேறும். மாடு மெலியும், பால் வற்றும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். மனிதருக்கும் இது வரும். கரையோரக் கீரையைப் பச்சையாகத் தின்றால் போதும். உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நம் நாட்டில் அதிகம் இருப்பது ஃபாசியோலா ஜைஜான்டிகா. குளிர்நாடுகளில் உள்ள அதன் பங்காளி ஃபாசியோலா ஹெபாடிகா. பங்காளியின் மரபணுத்தொகுதியை லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்டார்கள். சுமார் 130 கோடி மரபணு எழுத்துகள். ஒட்டுண்ணிக்கு இது மிகப் பெரிது. நம் புழுவின் வரைவு 2020-ல் ஷில்லாங்கிலிருந்து வந்தது. வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் திமிர் திரிபாதியின் குழு படித்தது சுமார் 100 கோடி எழுத்துகள். நம் மண்ணிலேயே நடந்த வேலை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இதனால் மாடு வைத்திருப்பவருக்கு என்ன பயன்? மருந்தில்தான் இருக்கிறது பதில். பல மருந்துகள் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். குஞ்சுப் புழுவையும் சேர்த்துக் கொல்வது டிரைக்ளாபெண்டசோல். அதற்கும் அடங்காத புழுக்களை 1990-களிலேயே ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். அந்த எதிர்ப்புத்திறன் பிரிட்டன் புழுக்களின் மரபணுத்தொகுதியில் எந்த இடத்தில் இருக்கிறது, அது ஓங்கு பண்பாக, அதாவது பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளிப்படும்படி வாரிசுக்கு இறங்குகிறது என்பதை 2023-ல் கண்டுபிடித்தார்கள். இது கவலைக்குரிய செய்தி. ஏனென்றால் சாணத்தோடு நீரில் விழும் புழு முட்டை பொரிந்து, நத்தைக்குள் நுழையும் ஒரே ஒரு குஞ்சு, அங்கேயே நூற்றுக்கணக்கில் பெருகி வெளியேறும். மருந்துக்கு அடங்காத ஒன்று புகுந்தால் அத்தனையும் அடங்காதவைதான்.

அதனால் சாணத்தைச் சோதிக்காமல், ஆண்டுதோறும் ஒரே மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது தவறு. நம் கண்மாய்ப் புழுக்களில் அந்த எதிர்ப்பு வந்துவிட்டதா என்று பார்க்க, சிவகங்கைச் சீமையின் புழுக்களையும் படித்தாக வேண்டும். மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. ஆட்டின் ஈரலிலும் இந்தப் புழு உண்டு. ஆட்டிறைச்சிக் கடையில் ஈரலை அறுக்கும்போது இலை போன்ற புழு கிடைத்தால் வழித்து எறிகிறார்கள். அதைச் சாராயக் குப்பியில் போட்டு, எந்த ஊர் ஆடு என்று எழுதி, கால்நடை மருத்துவரிடம் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று வந்தால் போதும்.