ஒசேத்தியரின் மொழிப்போட்டி

ஐரோப்பாவிற்கும் ஆசியாவிற்கும் இடையே உயர்ந்து நிற்கும் காக்கசு மலைத்தொடரின் நடுப்பகுதியில் வாழ்வோர் ஒசேத்தியர் ஆவர். இவருள் வடபால் வாழ்வோரது நாடு உருசியாவிற்கு உட்பட்ட வட ஒசேத்தியக் குடியரசாகும். தெரேக்கு ஆற்றங்கரையிலுள்ள விளாதிகாவ்காசு அதன் தலைநகரம். ஒசேத்திய மொழி ஈரானியக் குடும்பத்தைச் சார்ந்தது. பண்டு கருங்கடலின் வடபுறத்துப் புல்வெளிகளில் உலவிய சித்தியர், அலானியர் முதலியோரது பேச்சின் வழிவந்தது என்பர் மொழிநூலார். இம்மொழியில் 'தொன்' என்பது நீரையும் ஆற்றையும் குறிக்கும். உருசியாவின் தொன் என்னும் பேராறு பெயர் பெற்றதும் இதே வேரினின்றேயாம்.

இத்துணைப் பழமை வாய்ந்த மொழிக்கு இன்று இடுக்கண் நேர்ந்துள்ளது. நகரத்துப் பிள்ளைகள் பலர் தெருவில் மட்டுமன்றி வீட்டிலும் உருசிய மொழியே பேசுகின்றனர். உயர்கல்விக்கும் அதுவே வாயில். குடியரசுகளின் மொழிகளைப் பள்ளியில் கற்பதை 2018ஆம் ஆண்டுச் சட்டம் அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. விரும்பிக் கற்பாரை உண்டாக்குதல் ஆசிரியர் தலைமேல் விழுந்த பொறுப்பாயிற்று.

அதற்கு உதவுவது 'ஒலிம்பியாடு' எனப்படும் போட்டித் தேர்வு. இது முதலில் பள்ளியிலும், பின்னர் நகர, மாவட்ட அளவிலும், முடிவில் குடியரசு அளவிலும் நடைபெறும். மொழி, இலக்கியம் ஆகிய இரண்டிலும் புலமை வேண்டும். அஃது எளிதன்று. பெயர்ச்சொற்கள் ஒன்பது வேற்றுமைகளை ஏற்பன. எழுத்துகள் உருசிய எழுத்துகளே; எனினும் அம்மொழியில் இல்லாத ஓர் உயிரெழுத்தும் இதில் உண்டு. செவிவழியாக மட்டும் மொழியறிந்த மாணாக்கன் எழுதப் புகுங்கால் இடர்ப்படுவான்.

இலக்கியம் என்றவுடன் ஒசேத்தியர் நினைவில் எழும் பெயர் கோசுதா கெத்தாகூரொவ் (1859–1906). நார் என்னும் மலைச்சிற்றூரிற் பிறந்த இவர் ஓவியரும் ஆவார். உருசிய மொழியிலும் எழுத வல்லவர். ஆயினும் மலைவாழ் எளியோர் துயரைத் தாய்மொழியிலே பாடினார். அப்பாடல்கள் 1899இல் 'இரோன் பந்திர்' என்னும் பெயரால் நூலாயின. அந்நூல் வெளிவந்த மே 15ஆம் நாள் ஒசேத்திய மொழி, இலக்கிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

பந்திர் என்பது நரம்பிசைக் கருவி. நார்த்தர் என்னும் பழைய வீரர்களைப் பற்றிய கதைகளில் அதன் தோற்றம் கூறப்படுகின்றது. சிர்தோன் என்பவன் பகையால் தன் மக்களை இழந்தான். இறந்த மகனுடைய கையெலும்பில் மற்ற மக்களின் இதய நரம்புகளைக் கட்டி, அதனை மீட்டி அழுதான். அவ்விசையைக் கேட்ட நார்த்தர் மனம் உருகி, அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொண்டனர்.

நூலின் பெயரை உருசிய மொழிபெயர்ப்பிற் காண்போர்க்கு அது 'ஒசேத்திய யாழ்' மட்டுமே. போட்டிக்கெனப் பழங்கதைகளையும் பயின்ற மாணாக்கனுக்கோ, அவ்வொரு சொல்லிலேயே தந்தையின் அழுகுரல் கேட்கும்.