தம்பி தங்கையோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள்

விடுமுறை நாளில் பயிற்சி வைத்தால், விளையாட வரும் மாணவிகள் சிலர் தம்பி தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "இவனை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டால், "வீட்ல யாரும் இல்ல டீச்சர்" என்பார்கள். இந்தப் பதிலை நாம் ஒழுங்குக் குறைவாகப் பார்க்கிறோமா, தகவலாகப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்தே அந்த மாணவி அடுத்த வாரம் வருவதும் வராததும் அமைகிறது.

நான் பாலக்கோடு வட்டாரத்தில் பணிபுரியும் பட்டதாரி அறிவியல் ஆசிரியை. மாணவியர் அணியோடு பெண் ஆசிரியர் ஒருவர் செல்ல வேண்டும் என்பதால், பல ஆண்டுகளாக எங்கள் கபடி அணியுடன் சென்று வருகிறேன். ஆட்டத்தை உடற்கல்வி ஆசிரியர் கவனிப்பார். ஆட்டக் களத்துக்கு வெளியே நடப்பதைக் கவனிப்பது என் பொறுப்பு.

விடுமுறை நாளில் ஏன் இந்தச் சிக்கல்?

வேலை நாட்களில் சின்னப் பிள்ளைகளை அங்கன்வாடியும் தொடக்கப்பள்ளியும் பார்த்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரண்டும் இல்லை. ஆனால் தக்காளிக்கு ஞாயிறு தெரியாது. பழுத்தால் பறித்து மண்டிக்கு அனுப்பியாக வேண்டும். அம்மா விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அப்பா ஓசூரிலோ பெங்களூருவிலோ கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டின் மூத்த பிள்ளைதான் அன்றைக்குப் பொறுப்பாளர். பெரும்பாலும் அது பெண் பிள்ளை.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தி அல்ல. கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பைத் தொடங்கினார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர் பள்ளிக்கு வருவதற்குத் துணையாகப் பகல்நேரக் காப்பகங்கள் வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிப்படையாகவே கூறியது. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்திலும், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. தாய்க்கு வேலைத்தளத்தில் தேவைப்படும் அதே ஏற்பாடுதான், அக்காவுக்கு விளையாட்டு மைதானத்தில் தேவைப்படுகிறது.

எதை இழக்கிறோம்?

எங்கள் அணியில் நன்றாகப் பாடிச் செல்லும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று ஞாயிறு வரவில்லை. கேட்டால் வயிற்றுவலி என்றாள். அவள் தோழியிடம் விசாரித்தபோதுதான் நான்கு வயதுத் தம்பி இருப்பது தெரிந்தது. தூக்கிக்கொண்டு வந்தால் திட்டுவார்களோ என்று பயந்திருக்கிறாள். பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதைவிட வயிற்றுவலி என்று சொல்வது அவர்களுக்கு எளிது.

குறுவட்டப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் நடக்கின்றன. ஒரு பிரிவில் தவறிய ஆண்டு திரும்பக் கிடைக்காது. மேற்படிப்பில் விளையாட்டு ஒதுக்கீடு கோர உதவும் சான்றிதழ்களுக்கான பாதையும் இந்தச் சின்னப் போட்டிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

நாங்கள் செய்துவருபவை

முதலில், வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுகிறோம்: "ஞாயித்துக்கிழமை யார் யார்கூட குட்டிப் பசங்க வருவாங்க?" எல்லோர் முன்னிலையிலும் இயல்பாகக் கேட்கும்போது கூச்சம் போய்விடுகிறது.

இரண்டாவது, களத்திலிருந்து தள்ளி, எங்கள் கண்ணில் படும்படி ஒரு மரநிழலை ஒதுக்குகிறோம். ஒரு பாய், தண்ணீர், கொஞ்சம் பொரிகடலை. சாலைப் பக்க வாயிற்கதவைச் சாத்திவிடுகிறோம். ஒவ்வொரு குழந்தையின் பெயரும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் என் குறிப்பேட்டில் இருக்கும்.

மூன்றாவது, முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. பெண்கள் கபடி 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி, இடையில் 5 நிமிட ஓய்வு. மொத்தம் 35 நிமிடம்தான். அந்த நேரத்துக்கு மட்டும் இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும். பாடிச் செல்பவளுக்குக் கிடைப்பது 30 விநாடி. அப்போது தம்பி அழும் சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்த்தால் பிடிபட்டுவிடுவாள். அதனால் அன்று களத்தில் இறங்காத இருவர் நிழலுக்குப் பொறுப்பு. அடுத்த ஆட்டத்தில் ஆள் மாறும்.

நான்காவது, இந்த முறையில் மாணவர் அணியும் உண்டு. மாணவர்கள் யாரும் தம்பி தங்கையைக் கூட்டிவராதது ஏன் என்று விசாரித்தோம். அவர்கள் விளையாட வந்த நேரத்தில் வீட்டில் அக்காவோ தங்கையோ குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

ஐந்தாவது, ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வேலை கொடுக்கிறோம். ஒரு புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை. இரண்டு அணிக்கும் தனித்தனியாக அடுக்கி, யார் எத்தனை முன்னிலை என்று சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் கற்ற கழித்தல் இங்கே பயன்படுகிறது.

போட்டி நாளில்

வெளியூர்ப் போட்டிக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. பெற்றோர் ஒப்புதல் கடிதம் விளையாடும் மாணவிக்கு மட்டுமே. தம்பி தங்கையை வண்டியில் ஏற்றக் கூடாது. எனவே தேதி தெரிந்ததும் அம்மாவிடம் நேரில் சொல்கிறோம். சில நாட்கள் முன்பே தெரிந்தால் பறிப்பு நாளை மாற்றிக்கொள்ளவோ, ஒரே தெருவில் இருக்கும் இரு குடும்பங்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளவோ முடிகிறது. முதல்நாள் மாலை சொன்னால் எதுவும் முடிவதில்லை.

அந்த எட்டாம் வகுப்பு மாணவி தம்பியோடு வரத் தொடங்கினாள். அணி அரையிறுதியில் தோற்றது. ஆனால் அவள் அதன்பின் ஒரு பயிற்சியையும் தவறவிடவில்லை. வேறொரு மாணவியின் தாயும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவளால் தொடர முடியவில்லை. அதற்கு மரநிழலும் பாயும் போதாது. அத்தகைய குடும்பங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். யார் வீட்டில் பாட்டி இருக்கிறார், எந்தத் தெருவில் யார் ஞாயிறன்று வீட்டில் இருப்பார் என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.