எட்டு லட்சம் யாருக்கு?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் நெடுஞ்சாலை ஃபிளெக்ஸ்களில் பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘சராசரி பேக்கேஜ் 8 லட்சம்’. பொய்யென்று யாரும் வழக்குப் போட முடியாது. சிக்கலே அதுதான்.

ஒரு துறையில் ஒன்பது பேருக்குக் கேம்பஸில் வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் லட்சத்தில்: 3, 3, 3.25, 3.5, 3.5, 3.75, 4, 4, 44. கூட்டினால் 72, ஒன்பதால் வகுத்தால் 8. அந்த எட்டை வாங்குகிற பிள்ளை ஒருவர்கூட இல்லை. எட்டுப் பேர் நாலைத் தாண்டவே இல்லை. வரிசையில் ஐந்தாவதாக, நட்டநடுவில் இருப்பவருக்கு 3.5. பள்ளிக்கூடத்தில் படித்த இடைநிலை அளவு இதுதான். 44-ஐ 80 ஆக்கிப் பாருங்கள்: சராசரி 12-க்குத் தாவும், இடைநிலை அசையாது. ஆயிரம் பேர் பட்டியலில் ஒருவரால் இவ்வளவு ஆட்டம் காட்ட முடியாது. ஒன்பது பேரில் முடியும். (அந்த 44-லும் சேரும்போது தரும் போனஸ், ஆண்டுக்கணக்கில் பிரித்துத் தரும் பங்குகள் என்று பலதும் கலந்திருக்கும்.)

மொத்தத் தொகை தெரிய வேண்டிய இடத்தில் சராசரிதான் உதவும் என்பார்கள் புள்ளியியல்காரர்கள். சம்பளப் பட்டுவாடா செய்பவருக்குச் சரி. மகளுக்காக வங்கியில் கையெழுத்துப் போடும் அப்பாவுக்கு?

அவர் 8 லட்சத்தை மனத்தில் வைத்து மாதம் அறுபதாயிரத்துச் சொச்சம் என்று கணக்குப் போடுகிறார். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு வருவது 29,000, அதிலும் பி.எஃப். பிடித்தம் போக வேண்டும். 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் 6,600 ரூபாய். சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி வாடகையும் சாப்பாடும் தனி.

இதைவிட உறுத்துவது, வேலை கிடைக்காதவர்கள் கணக்கிலேயே வராதது. அதே துறையில் இன்னும் ஒன்பது பேர் வெறுங்கையோடு போனார்கள் என்றால், அவர்களுக்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். சராசரி 4, இடைநிலை 1.5.

தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் படிவத்தில் இடைநிலைச் சம்பளமும் உண்டு; எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதும் உண்டு. துறைவாரியாக இருக்காது, ஆனாலும் ஃபிளெக்ஸைவிட மேல். அட்மிஷன் கவுன்ட்டரில் அதைக் கேளுங்கள். வேலை கிடைத்ததோ இல்லையோ, படிப்பு முடிந்த ஓராண்டில் வங்கி பொதுவாகத் தவணையைத் தொடங்கிவிடும்.