எந்தக் கேசட் ஒசத்தி?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது "ஆம்பிளிஃபையர் வகைகள்" என்று ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். பரீட்சைக்கு எழுதுவதையே மலரிலும் எழுதினால் எவன் படிப்பான்? அதனால் நம்ம ஹாஸ்டலில் ஒரு செமஸ்டர் முழுக்க நடந்து, இன்னும் தீர்ப்பு வராமல் கிடக்கும் ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். வழக்கு இதுதான்: இளையராஜாவின் கிராமத்துப் படங்களில் எந்தப் படத்தின் பாட்டு ஒசத்தி?

சிரிக்காதீங்க. இந்தக் கேள்விக்காக எங்கள் ரூமில் ரெண்டு பேர் மூணு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தன் மேட்டூர்க்காரன், மெக்கானிக்கல். இன்னொருத்தன் ஆத்தூர்க்காரன், சிவில். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். ஊர் கொட்டச்சேடு, துறை எலெக்ட்ரானிக்ஸ்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை

நாட்டுப்புற மெட்டை எடுத்து எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து வாசிப்பதை வெளிநாட்டில் ஃபோக் ராக் என்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடை ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. இங்கிலாந்தில் 1967-ல் ஆரம்பித்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழு 1969-ம் வருடம் ஒன்றிலேயே மூன்று ஆல்பம் போட்டது. அந்த மூன்றில் எது பெரியது என்று ரசிகர்கள் அம்பது வருடம் தாண்டியும் வாதாடுகிறார்கள். நம் நாட்டிலும் 1990-ல் டெல்லியில் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழு இருக்கிறது. 2000-ல் வந்த அவர்களின் "காண்டிசா"தான் உச்சம் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி.

"அதெல்லாம் பேண்டுடா, ராஜா சார் தனி ஆள், அதுவும் சினிமா" என்று மேட்டூர்க்காரன் ஆட்சேபித்தான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ராஜாவே ஒரு குழுவில் இருந்துதான் வந்தார். பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-ல் கேரளாவின் தேவிகுளம் இடைத்தேர்தலில் எஸ்டேட் தொழிலாளர்கள் மத்தியில் பாவலர் பாடிய பாட்டு ஓட்டாக மாறியது என்று இன்றும் பேசப்படுகிறது. அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர்தான் ராஜா. பிறகு சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது.

அதற்கப்புறமும் அவரிடம் ஒரு பேண்டு இருந்தது. அட்டையில் பெயர் பெரிதாகப் போடவில்லை, அவ்வளவுதான். டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன் என்று ஒரே கூட்டணி பல வருடம் சேர்ந்து வாசித்திருக்கிறது. ராஜா கையால் நோட்ஸ் எழுதிக் கொடுப்பார், அவர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். பக்கத்திலேயே தவிலும் உறுமியும் பறையும் நிற்கும். இதைப் பேண்டு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வாதி, பிரதிவாதி

ஆத்தூர்க்காரன் கட்சி: "முதல் மரியாதை" (1985). காரணம், சத்தம் குறைவு, ஆழம் அதிகம். மலேசியா வாசுதேவனும் ஜானகியும் பாடியதைக் கேட்டால் ஆற்றங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பான். வைரமுத்துவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்ததையும் சாட்சிக்குக் கூப்பிடுவான்.

மேட்டூர்க்காரன் கட்சி: "தாரை தப்பட்டை" (2016). பாலா இயக்கியது. ராஜாவின் ஆயிரமாவது படம் என்று சொல்லப்பட்டது. பின்னணி இசைக்குத் தேசிய விருது வாங்கியது. "நாப்பது வருசம் கழிச்சும் ஒரு மனுசன் இப்படி அடிக்க முடியுதுன்னா அதுதாண்டா ஒசத்தி" என்பது அவன் வாதம். பழைய படம் எல்லாம் பழக்க தோஷத்தில் பிடிக்கிறது என்றும் சொல்வான். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று எனக்கே பட்டது.

எனக்குத் தெளிவான கட்சி இல்லை. அதனால் ரெண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன்.

பொங்கல் லீவில் "உங்க ஊருக்குப் போலாம்டா" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் தயக்கம்தான். ஏற்காடு என்றால் ஏரி, படகு, பங்களா என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வீடு எஸ்டேட் லயன் வீடு. அப்பா அஞ்சாவது வரை படித்தவர், காபித் தோட்டத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். இதையெல்லாம் நான் ஹாஸ்டலில் அதிகம் சொன்னதில்லை. இருந்தாலும் கூட்டிப் போனேன். சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். காபிப் பழம் பறிக்கிற நேரம். சில்வர் ஓக் மரத்தில் எல்லாம் மிளகுக்கொடி.

டீக்கடை அமர்வு

சாயந்திரம் டீக்கடையில் வழக்கு மறுபடியும் ஆரம்பித்தது. கடைக்காரப் பெரியவர் டீ ஆத்திக்கொண்டே, "பதினாறு வயதினிலே தம்பி, 1977. அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார். அவர் அதைப் பையனாக இருந்தபோது சேலத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தவர். "அதுக்கு முன்னாடியும் படத்துல கிராமம் வரும். ஆனா அது கிராமத்து வேசம் போட்ட மாதிரி இருக்கும். இதுலதான் நம்ம ஆளுங்க மாதிரியே பேசுனாங்க, பாடுனாங்க." ஜானகிக்குப் பாடகியாக தேசிய விருது கிடைத்தது அந்தப் படத்தில்தான்.

அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஆத்தூர்க்காரன்தான் கேட்டான்: "நீங்க சொல்லுங்கப்பா, உங்களுக்கு எது?"

"படிச்ச புள்ளைங்க பேசற எடத்துல நான் என்னத்தச் சொல்றது கண்ணு" என்றார் அப்பா. விடவில்லை அவன். அப்புறம் அப்பா சொன்னார்: "கரகாட்டக்காரன்."

அது எங்களுக்குத் தெரிந்த விடைதான். 1989-ல் கங்கை அமரன் இயக்கிய படம், ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆனால் அப்பா சொன்ன காரணம் தெரியாதது. "மத்த படத்துல மேளம் அடிக்கிறவனும் ஆடறவனும் ஓரத்துல வந்துட்டுப் போயிருவான். திருவிழா முடிஞ்சா அவன் எங்க தூங்குவான், என்ன சாப்பிடுவான்னு எவனும் காட்ட மாட்டான். இதுல அவன்தான் கதாநாயகன்."

மேட்டூர்க்காரன் விடுவானா? "தில்லானா மோகனாம்பாள் 1968-லயே வந்துருச்சே? அதுல நாதஸ்வரக்காரர்தானே ஹீரோ?" என்றான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிதான். ஆனா அது கோயில் மேளம் தம்பி. இது தெருவுல ஆடற ஆட்டம். ரெண்டுக்கும் ஊருக்குள்ள ஒரே மரியாதையா?"

டீக்கடையில் யாரும் பேசவில்லை. மேட்டூர்க்காரன் தலையை ஆட்டினான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருடம் கூட இருந்தும் அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்கவே இல்லை என்பதுதான் சரி.

எதில் கேட்டோம் என்பதும் ஒரு கேள்வி

ராத்திரி வீட்டில் அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டரை எடுத்தோம். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தது. இது நம்ம பாடம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கேசட் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். மோட்டாரில் இருந்து அந்த வேகத்தைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் தளர்ந்தால் டேப் மெதுவாக ஓடும், சுருதி இறங்கிவிடும். அப்பாவின் மெஷினில் அதுதான் நடந்திருந்தது. "போன்ல பாட்டு வேகமா ஓடுது, பழைய பாட்ட மாத்திட்டாங்க" என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் சரியாகத்தான் ஓடியது, டேப்தான் சோம்பேறி! சேலத்தில் வாங்கி வந்திருந்த பெல்ட்டைப் போட்டேன், ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பாட்டு நிமிர்ந்து வந்தது.

இன்னொன்று, அந்தக் கேசட் கடையில் அச்சடித்து விற்றது இல்லை. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்தால் கேட்ட பாட்டை எல்லாம் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். அப்பாவின் கேசட்டில் அன்னக்கிளியும் கரகாட்டக்காரனும் கலந்து இருந்தன. அவருக்கு அதுதான் "ஆல்பம்". படம் படமாகப் பிரித்து மார்க் போடுகிற நம் சண்டையே அவருக்குப் புதுசு.

மூன்றாவதுதான் முக்கியம். பேஸ் கிட்டாரில் கனமான தந்தியை வெறுமனே மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன ரேடியோ, டேப் ரெக்கார்டரில் இருக்கும் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அதாவது குரல் கேட்கும், குழல் கேட்கும், தாளம் கேட்கும். அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறதே, அது அநேகமாகக் காதுக்கு வராது. ராஜாவின் கிராமத்துப் பாட்டில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. மேலே தெம்மாங்கு, தகிட தகிட என்று மூன்று மூன்றாக எண்ணும் நடை. கீழே தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த பாடம்.

ஆத்தூர்க்காரன் நல்ல ஹெட்போன் வைத்திருந்தான். அதைப் போனில் மாட்டி அப்பா காதில் வைத்து, அவர் சீட்டு எழுதிக் கொடுத்த அதே பாட்டைப் போட்டோம். அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே, சத்தமாக, "இத்தன வருசமா இது எங்கடா இருந்துச்சு?" என்றார்.

மறுபடியும் போடச் சொன்னார். நாலு தடவை கேட்டார்.

அப்படியானால் தீர்ப்பு?

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஒரே கேள்விக்கு நாலு பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நாலு பேரும் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். டீக்கடைப் பெரியவர் "முதலில் கதவைத் திறந்தது எது?" என்று கேட்டுக்கொண்டார். ஆத்தூர்க்காரன் "இசை அமைப்பு எதில் நுணுக்கம்?" என்று கேட்டான். மேட்டூர்க்காரன் "யார் கடைசி வரை நின்றது?" என்று கேட்டான். அப்பா "யாருக்கு மரியாதை கிடைத்தது?" என்று கேட்டார். எந்தக் கேள்வி என்று முதலில் சொல்லாமல் விடைக்கு அடித்துக்கொண்டால் மூணு நாள் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

அதற்காக "எல்லாமே நல்லதுதான்" என்று நழுவவும் கூடாது. அப்படிச் சொல்கிறவன் எதையும் கவனித்துக் கேட்கவில்லை என்று அர்த்தம். என் ஓட்டு "கரகாட்டக்காரன்". அப்பா சொன்னதால் மட்டும் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் அந்தப் படத்தில் அலங்காரத்துக்கு வரவில்லை, கதையையே அவைதான் தூக்கிக்கொண்டு போகின்றன. மேட்டூர்க்காரன் இன்னும் "தாரை தப்பட்டை"யிலேயே நிற்கிறான். அதுவும் ஆட்டக்காரர்களின் கதைதானே, உங்க அப்பா கணக்குப்படியே அதுவும் ஜெயிக்கும் என்கிறான். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அவர்களுக்கு எந்தப் பாட்டு ஒசத்தி, ஏன் என்று கேளுங்கள். கூடவே, எந்தக் கேசட்டிலும் வராத பாட்டு ஏதாவது தெரியுமா என்றும் கேளுங்கள். என் பாட்டி காபிப் பழம் பறிக்கும்போது பாடுவதை இந்தத் தடவைதான் போனில் பதிந்தேன். மூச்சு வாங்குகிறது, நடுவில் வரி மறந்துபோகிறது, இருந்தாலும் ஆறு பாட்டு கிடைத்தது. அன்னக்கிளிக்கு முன்னாலும் இப்படி எத்தனையோ பாட்டிகள் பாடியிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. நாம் எலெக்ட்ரானிக்ஸ் படித்து என்ன பிரயோஜனம், ஒரு மைக்கை நம் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை என்றால்?

உங்கள் ஓட்டு எந்தப் படத்துக்கு? ஹாஸ்டல் ரூமுக்கு வந்து சொல்லுங்கள். காரணம் இல்லாத ஓட்டு செல்லாது!

இப்படிக்கு,
கொட்டச்சேட்டுக்காரன்,
இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை