தைத்துச் செய்த படகு

ரவிக்கையைத் தைக்கலாம், படகைத் தைக்க முடியுமா? முடியும் என்று காட்டிவிட்டார்கள் இங்கிலாந்தில்!

1963-ல் 'டெய்லி மிர்ரர்' பத்திரிகையின் ஆதரவில் வெளிவந்தது 'மிர்ரர்' என்ற சின்னஞ்சிறு பாய்மரப் படகு. அதை உருவாக்கியவர்கள் படகு நிபுணர் ஜாக் ஹோல்ட்டும், டெலிவிஷனில் வீட்டு வேலைகளைச் சொல்லிக்கொடுத்த பாரி பக்நெல்லும். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி நார்ப் பட்டையைப் பிசின் பூசி ஒட்டினால் உடல் தயார். நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. அப்போது விலை 63 பவுன் 11 ஷில்லிங். சீமான்களின் பொழுதுபோக்கு சாமானியர் வீட்டுக்கும் வந்தது. இதுவரை 70,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

பாய்மரம் குட்டை. அதன்மேல் ஏறும் இன்னொரு கழிதான் சிவப்புப் பாயைத் தூக்கிப் பிடிக்கும். கழற்றினால் இரண்டும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

பழைய மிர்ரரை வாங்குகிறவர்கள் வார்னிஷ் பளபளப்பில் மயங்கக்கூடாது. மூலைகளை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் பலகை இற்றுவிட்டது என்று அர்த்தம். அதைவிட முக்கியம், ஓரங்களிலுள்ள காற்றறைகள். கவிழ்ந்தாலும் படகை மூழ்காமல் தாங்குபவை அவைதாம். அவற்றில் நீர் புகுந்தால்? ஏறப்போவது நம் குழந்தைகள் அல்லவா! பாயின் அழகை அப்புறம் ரசிக்கலாம். அறைகளின் அடைப்பான் இறுக்கமா என்று முதலில் பாருங்கள்.